அக்கா வீட்டு ஊஞ்சல்: வெடித்த மரத்தையே மறுபடி வாங்கியது ஏன்?

சித்திரை பிறந்த வாரம். மத்தியான நேரத்தில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். “தம்பி, ஊஞ்சல் பலகை பட்டாசு மாதிரி வெடித்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தானாகவே வெடித்தது. வந்து பார்” என்றாள்.

பாளையங்கோட்டையில் இருந்து அவள் வீட்டுக்கு இருபது நிமிடம். நான் இயற்பியல் ஆசிரியர். ஓய்வு நேரத்தில் மரவேலை. எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டுக் கதவு இறுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ஊஞ்சலை நான் செய்யவில்லை. முந்தைய நவம்பரில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கி வந்தார் அத்தான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றே முக்கால் அங்குலக் கனம். ரசீதில் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று எழுதியிருந்தது. ஐந்து மாதத்தில் மூன்று வெடிப்புகள். இரண்டு, பலகைகளை ஒட்டிய இணைப்புகளில். மூன்றாவது, முழுப் பலகை ஒன்றின் நடுவிலேயே ஓடியிருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. “மாப்பிள்ளை, வெளிநாட்டு மரம் நம் ஊர் வெயிலைத் தாங்காது. பேசாமல் பர்மா தேக்கு வாங்கியிருக்க வேண்டும்” என்றார் அத்தான். பர்மாவும் வெளிநாடுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணைக் காட்டினாள். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் தூண்கள் கப்பலேறி வந்த காலத்தில் இருந்தே பர்மா நமக்குச் சொந்த ஊர் மாதிரி. அந்த நினைப்பை வெடித்த பலகைக்கு முன்னால் உட்கார்ந்து மாற்ற முடியாது.

புதிய பலகை நானே செய்துதருவதாக ஒப்புக்கொண்டேன். என்ன மரம் வாங்குவது என்பதைவிட, பழையது ஏன் வெடித்தது என்பதே எனக்கு முதல் கேள்வியாக இருந்தது. அது தெரியாமல் எந்த மரம் வாங்கினாலும் அது சூதாட்டம்தான்.

பெயர் தேக்கு, ஆள் வேறு

‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயருக்குள் குறைந்தது மூன்று மரங்கள் ஒளிந்திருக்கின்றன. கானா, பெனின், தான்சானியா போன்ற நாடுகளில் தோட்டமாக வளர்க்கப்பட்ட உண்மையான தேக்கு ஒன்று. தேக்குக்கு உறவே இல்லாத ஐரோக்கோ இன்னொன்று. அஃப்ரோர்மோசியா மூன்றாவது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. ஐரோக்கோவுக்கு உலகம் முழுவதும் இந்தப் புனைபெயர் உண்டு.

பலகையின் முனையைப் புதிய பிளேடால் சீவி, தண்ணீர் தொட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தேக்காக இருந்தால் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். இங்கே துளைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருந்தன. ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் வெளிர்நிறச் சிறகு முளைத்ததுபோல் திசு. சில சிறகுகள் பக்கத்துத் துளையின் சிறகோடு சேர்ந்து பட்டையாக ஓடின. பலகையின் அடியில் ஓரிடத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கட்டி இருந்தது. வினிகர் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. ஐரோக்கோவின் நரம்புகளில் கால்சியம் கார்பனேட் இப்படிக் கல்லாகப் படியும். ரம்பத்தின் பல்லையும் இழைப்புளியின் அலகையும் அது தின்றுவிடும். தேக்கின் தோல்பொருள் வாசனையும் இதில் இல்லை.

ஆக, மரம் ஐரோக்கோ. அந்தப் பெயர் யொரூபா மொழியில் இருந்து வந்தது. கானாவில் அதன் பெயர் ‘ஒடும்’, கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘ம்வூலே’. நைஜீரியப் பக்கத்து யொரூபா மக்கள் அந்த மரத்தில் ஆவி குடியிருப்பதாக நம்புகிறார்கள். நம் ஊர்ப் புளியமரத்து முனியைப்போல. வெட்டுவதற்கு முன்னால் அதைச் சாந்தப்படுத்துவார்களாம். இதை அக்காவிடம் சொன்னது என் தவறு. அதன்பின் இரண்டு நாள் அவள் அந்தக் கூடத்துக்குள் விளக்கில்லாமல் போகவில்லை.

வெடிப்பின் அகலத்தில் இருந்து பின்னோக்கி

பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டதும் பாதி விடை கிடைத்துவிட்டது. அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள். அவை ஒவ்வொன்றையும் பசை தடவி ஒட்டி, அதற்கு மேல் ஏழேழு திருகாணிகள் இறுக்கியிருந்தார்கள். மேற்பக்கம் கண்ணாடிபோல் பாலிஷ். அடிப்பக்கம் பச்சையாக விடப்பட்டிருந்தது.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. அகலத்தில்தான் சுருங்கும், விரியும். பலகை அகலத்தில் சுருங்கப் பார்க்கிறது. குறுக்குச் சட்டமோ தன் நீளவாக்கில் கிடப்பதால் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்று தோற்க வேண்டும். பலகை தோற்றது.

எவ்வளவு ஈரத்தோடு அது வீட்டுக்கு வந்திருக்கும்? இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். (மரத்தின் ஈரம் என்பது, அதன் காய்ந்த எடையில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பது.) மூன்று வெடிப்புகளின் அகலம் 2.5, 2.5, 1.5 மில்லிமீட்டர். மொத்தம் 6.5. கடைசித் திருகாணிகளுக்கு இடையில் இருந்த தூரம் 540 மில்லிமீட்டர். அதாவது சட்டம் தடுத்துவைத்த சுருக்கம் ஏறக்குறைய 1.2 சதவீதம். ஐரோக்கோ பச்சை மரமாக இருந்து முழுக்கக் காயும்வரை, அறுப்பைப் பொறுத்து, அகலத்தில் நூற்றுக்கு மூன்றில் இருந்து ஐந்தரை வரை சுருங்கும். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலம் ஏறக்குறைய 0.17 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டேன். 1.2-ஐ 0.17-ஆல் வகுத்தால் ஏழு. செய்த நாளில் இருந்து அந்தப் பலகை ஏழு சதவீதப் புள்ளி ஈரத்தை இழந்திருக்கிறது.

கூடத்தில் குளிர்சாதனம் உண்டு. ஈரப்பதமானி வைத்துப் பார்த்தபோது காற்றின் ஈரப்பதம் 50-க்கும் 58-க்கும் நடுவில் ஆடியது. 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 என்றால் 15-ஐத் தாண்டும். எந்த மரமானாலும் இந்த எண்கள் பெரிதாக மாறாது. ஆக, கூடத்தில் மரம் 10 சதவீதத்தில் நிற்கிறது. கூட்டினால், ஐப்பசி அடைமழையில் பட்டறையை விட்டுக் கிளம்பியபோது அது குறைந்தது 17 சதவீதம். அறைக்குள் வைக்கும் சாமானுக்கு அது ஈர மரம்.

இதே கணக்கைத் தேக்குக்கும் போட்டுப் பார்த்தேன். தேக்கு ஒரு சதவீத ஈரத்துக்கு அகலத்தில் ஏறக்குறைய 0.18 சதவீதம் அசையும். அதே ஈரம், அதே பசை, அதே பதினான்கு திருகாணி என்றால் 540 மில்லிமீட்டரில் 6.8 மில்லிமீட்டர். அசல் பர்மா தேக்காக இருந்தாலும் அந்தச் சித்திரையில் வெடித்துத்தான் இருக்கும். அத்தானிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “சரி, ஆனால் தேக்கு தேக்குதான்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

தூத்துக்குடி மரக்கடையில்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுத் தடிகள் இறங்குவதால், அந்த ஊர்க் கடைகளில் ஒரே நாளில் நான்கு கண்டத்து மரத்தையும் தொட்டுப் பார்த்துவிடலாம். அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் அங்கே கடை வைத்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்காமல், எதற்கு வேண்டும் என்று கேட்கிற மனிதர்.

பர்மா தேக்கைத்தான் முதலில் பார்த்தோம், அத்தானின் ஆறுதலுக்காக. மியன்மார் 2014 ஏப்ரல் 1 முதல் தடியாக மரம் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. ஆனாலும் நம் ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் பர்மா இருக்கிறது. “பழைய சரக்கு” என்பார்கள். பத்து வருடமாகத் தீராத பழைய சரக்கு. அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. “சார், இருப்பது கொஞ்சம். விலையைக் கேட்டால் தூக்கம் போகும்” என்றார். கேட்டோம். ஐரோக்கோவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அடுத்து தோட்டத் தேக்கு. உலகத் தேக்குத் தோட்டங்களுக்கெல்லாம் பாட்டன் நம் பக்கத்துக் கேரளத்தின் நிலம்பூரில்தான் இருக்கிறது. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி ஆணையிட, சாத்து மேனோன் நட்டு வளர்த்தார். இன்றைக்கு அந்த இனம் கானாவிலும் கோஸ்டாரிகாவிலும் வளர்ந்து கப்பலில் திரும்பி வருகிறது. இருபது, இருபத்தைந்து வருடத்தில் வெட்டிவிடுவதால் தடி சிறியது. ஓரத்து வெளிர்மரம் அதிகம், உள்ளே இருக்கும் கெட்டியான வைரம் குறைவு. வலிமையில் பெரிய குறை சொல்ல முடியாது. எண்ணெய்ப் பசையும் பூச்சியைத் தாங்கும் சத்தும்தான் குறைவு. ஐந்தங்குல அகலத்தில் முழு வைரமாகப் பலகை எடுக்க ஐந்து தடி பார்த்தோம். ஒன்றில்கூட ஓரத்தில் வெள்ளை இல்லாமல் கிடைக்கவில்லை. நிலைக்கும் சன்னலுக்கும் வெள்ளையைச் சீவிவிட்டுச் சமாளிக்கலாம். ஊஞ்சல் பலகைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மலேசியா சால் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல் மாதிரி மரம், வாசல் நிலைக்குப் பொருத்தம். தேக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சுருங்கும், முறுக்கும். இரண்டடி அகலத்துக்கு அதை ஒட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. எடையும் நாற்பது கிலோவைத் தாண்டும்.

மனம் உண்மையிலேயே தடுமாறியது படாக்கில்தான். நம் வேங்கையின் ஆப்பிரிக்க உறவுமரம். சீவியதும் செங்காவி நிறத்தில் எரியும். சுருக்கம் குறைவு, ஐரோக்கோவைவிடக் கடினம், அறுப்பதற்கும் இழைப்பதற்கும் நல்ல மரம். அத்தான் அந்தப் பலகையின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் பையில் இருந்து வெள்ளைத் துணியை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு தேய் தேய்த்துக் காட்டினேன். துணி குங்குமம் பட்டதுபோல் சிவந்தது. அத்தான் தன் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நல்ல பூச்சுப் போட்டால் சாயம் ஏறாது என்பது உண்மை. ஆனால் ஊஞ்சலில் பூச்சு தேயும், சங்கிலி உரசும், தண்ணீர் டம்ளர் வைப்பார்கள். அந்த நிறமும் நிலைக்காது. வெளிச்சம் பட்டால் சில வருடத்தில் பழுப்பாகிவிடும். நிறத்துக்காக வாங்குகிறவர்கள் அதைத் தெரிந்து வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. படாக் சேர்ந்த தெரோகார்பஸ் பேரினத்தின் ஆப்பிரிக்க மரங்கள் அனைத்தும் 2022-இல் பனாமாவில் நடந்த சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது நடைமுறைக்கு வந்த பிறகு கப்பலேறிய தடிக்கு அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். நாங்கள் கேட்காமலேயே அண்ணாச்சி நகலை எடுத்துக் காட்டினார். எல்லாக் கடையிலும் இது நடக்காது.

கடைசியில் கொட்டகையின் மூலைக்குப் போனோம். இரண்டங்குலப் பலகைகளாக அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கியிருந்த ஐரோக்கோ. மஞ்சள் கலந்த பொன்நிறம். வெளிச்சம் படப்படத் தேக்கின் நிறத்துக்கே வந்துவிடும். இரண்டடிக்கு ஆறடிப் பலகை முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று கிலோ வரும். தேக்கும் அவ்வளவுதான். சுருக்கமும் தேக்குக்குப் பக்கத்தில். வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. விலை பாதிக்கும் கீழ்.

“இதுதான்” என்றேன்.

“வெடித்த மரம் மாப்பிள்ளை அது!”

“மரம் வெடிக்கவில்லை அத்தான். வெடிக்க வைத்தார்கள்.”

அண்ணாச்சி சிரித்துவிட்டு உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வந்தார். டீ குடித்து முடித்த பிறகுதான் முடிவானது. கடைசியில் விலைதான் அத்தானை வென்றது என்று நினைக்கிறேன், என் கணக்கு அல்ல.

நானும் ஏமாறப் பார்த்தேன்

முள் குத்திப் பார்க்கும் சிறிய ஈரமானி ஒன்று என்னிடம் உண்டு. ஐந்து பலகையிலும் குத்தினேன். 12, 13 என்று காட்டியது. திருப்தியோடு பணம் எடுக்கப் போனேன். “சார், அந்த முள் எவ்வளவு ஆழம் போகிறது?” என்று கேட்டார் அண்ணாச்சி. அரை சென்டிமீட்டர்கூட இல்லை. பலகையின் கனம் ஐந்து சென்டிமீட்டர்.

முனையில் இருந்து ஓரடி தள்ளி (முனை எப்போதும் சீக்கிரம் காயும், அதை நம்பக் கூடாது) ஓரங்குலத் துண்டு அறுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நகைத் தராசில் 95.2 கிராம். சமையலறை ஓவனில் 105 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். 80 கிராமில் நின்றது. போன தண்ணீர் 15.2 கிராம். காய்ந்த எடைக்கு அது 19 சதவீதம். தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருந்த பலகை. அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், முந்தைய பட்டறையை நான் குறை சொன்னதுபோல் என்னை இன்னொருவர் சொல்லியிருப்பார். இரண்டு நாள் வீடு முழுவதும் மர வாசனை. மனைவி அந்த ஓவனைப் பற்றிப் பேசுவதை இன்னும் நிறுத்தவில்லை.

மறுநாள் அண்ணாச்சிக்குச் சொன்னேன். அவர் பழக்கத்தில் இருந்த அறுவை மில்லின் உலர்த்தும் சூளையில் பலகைகள் ஏறின. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ட்ரீட்மென்ட் செய்த மரம்’ என்று விற்பதைப் பலர் சீசனிங் செய்த, அதாவது உலர்த்திய மரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். போராக்ஸ் கரைசலில் ஊறவைப்பது பூச்சிக்காக. தண்ணீரில் கரைத்த மருந்தை மரத்துக்குள் ஏற்றுகிறார்கள். அதன்பின் மரம் முன்பைவிட ஈரம். உலர்த்துவது தனி வேலை, தனிச் செலவு. ரசீதில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வந்த பலகைகளை நேரே அக்காவின் கூடத்தில், ஊஞ்சல் தொங்கும் இடத்துக்கு அடியிலேயே குச்சி வைத்து அடுக்கினேன். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் ஒரு பலகையை மட்டும் வாரம் ஒருமுறை எடை பார்க்கும் பொறுப்பு அக்காவின் மகளுக்கு. 9.12, 9.05, 9.02, 9.01 கிலோ. ஐந்தாவது வாரமும் 9.01 வந்ததும் “மாமா, மரம் தூங்கிவிட்டது” என்று தகவல் அனுப்பினாள். நான் படித்த எந்த விளக்கத்தைவிடவும் அது சரியாக இருந்தது.

செய்முறை

வேலை நான்கு நாள். ஐரோக்கோவின் நார் ஒரு பட்டை இப்படி, அடுத்த பட்டை எதிர்ப்பக்கம் என்று பின்னிக் கிடக்கும். இழைப்புளி எந்தத் திசையில் போனாலும் ஓரிடத்தில் சிலும்பும். அலகைக் கூர்மையாக்கி, மிக மெல்லிதாகச் சீவி, மிச்சத்தை உப்புத்தாளில் முடித்தேன். அதன் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், சிலருக்கு மூச்சுத்திணறலே வரும். முகமூடி இல்லாமல் தொட வேண்டாம். முதல் நாள் நான் சோம்பேறித்தனமாக இருந்து இரவெல்லாம் தும்மினேன்.

ஐந்து பலகைகளிலும் முனையில் வரிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பக்கங்களை ஒன்றுசேர்த்தேன். அப்படி அறுபட்ட மரம் அகலத்தில் குறைவாகத்தான் அசையும். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் ஓரங்களைத் தின்னரால் துடைத்தேன். குறுக்குச் சட்டத்தில் பசை ஒரு துளி கூட இல்லை. நடுத் திருகாணி மட்டும் இறுக்கம். மற்றவற்றுக்குச் சட்டத்தில் எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு நீள்துளை போட்டு, வாஷர் வைத்து, பலகை நழுவும் அளவுக்கு மட்டும் முடுக்கினேன். சங்கிலிக் கொக்கிகள் பித்தளை. மேலும் கீழும் முனைகளிலும் ஒரே எண்ணெய்ப் பூச்சு, முனைகளில் இரண்டு தடவை கூடுதலாக.

ஆவணியில் மாட்டிய நாளில் நடுவில் அகலம் 610 மில்லிமீட்டர். அடியில் பென்சிலால் குறித்துவைத்தேன். கார்த்திகை மழையில் 612. அடுத்த மே மாதத்தில் 609. ஒரு வருடத்துக்குள் மூன்று மில்லிமீட்டர் அகலம் கூடிக் குறைந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. வெடிப்பு இல்லை, முறுக்கு இல்லை. மெத்தை போட்டிருந்த இடம் மட்டும் வெளிறி, சுற்றிலும் பொன்பழுப்பாகிவிட்டது. மெத்தையை அவ்வப்போது இடம் மாற்றச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

புதிய பலகையின் குறுக்குச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அத்தானிடம் ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னேன். வெடித்த பழைய பலகையை வெடிப்போடு வெடிப்பாகக் கிழித்து எடுத்தவை. ஐந்து மாதம் அந்தக் கூடத்திலேயே காய்ந்து, 10 சதவீதத்தில் உறங்கிக்கொண்டிருந்த மரம். அதைவிடப் பக்குவமான துண்டு தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்திருக்காது. மீதியில் அக்காவுக்கு இரண்டு மணைப்பலகைகளும் செய்தேன்.

அத்தான் குனிந்து அடியில் பார்த்தார். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து, காலால் தரையை ஓர் உந்து உந்திவிட்டு, வந்திருந்த விருந்தாளியிடம் சொன்னார்: “அசல் பர்மா தேக்கு. நம் மாப்பிள்ளை செய்தது.”